தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி: 180 டிகிரியைத் தாண்டும் முக்கோணம்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி. மூன்று ஊர்களையும் நேர்கோடுகளால் இணைத்தால் சுமார் 500 சதுர கி.மீ. பரப்புள்ள முக்கோணம் கிடைக்கும். அதன் கோணங்களை அளந்து கூட்டினால் 180 டிகிரிக்கு மேல் இரண்டரை விகலை மிஞ்சும். டிகிரியை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. வெண்ணாற்றங்கரையில் நின்று பார்த்தால் தாம்பாளம்போலத் தெரிகிற தரை, கோளத்தின் ஒரு துண்டு. அந்த வளைவுதான் இப்படி மிஞ்சுகிறது.

வழுவழுப்பான பிளாஸ்டிக் பந்து ஒன்றும் மூன்று ரப்பர் பேண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டென்னிஸ் பந்து வேண்டாம். அதன் ரோமம் ரப்பரைப் பிடித்துக்கொள்ளும். பந்தைச் சரிபாதியாக்கும் இடத்தில் மாட்டினால் ரப்பர் நிற்கும். ஓரமாகத் தள்ளி மாட்டினால் வழுக்கிக் கழன்றுவிடும். நிற்பது பெருவட்டம், கழல்வது சிறுவட்டம். கோளத்தில் நேர்கோட்டின் வேலையைச் செய்வது பெருவட்டம்தான். நிலநடுக்கோட்டைத் தவிர மற்ற அட்சரேகைகளெல்லாம் சிறுவட்டங்கள். அதனால் நம் பக்கத்து அட்சரேகையில் 125 கி.மீ. (கிட்டத்தட்ட திருச்சியிலிருந்து நாகப்பட்டினம்) தள்ளியுள்ள இரு புள்ளிகளுக்கு இடையிலான குறுக்குவழி, நடுவில் சுமார் 60 மீட்டர் வடக்கே ஒதுங்கிப் போகும்.

இரண்டாவது ரப்பரை எப்படி மாட்டினாலும் முதலாவதை எதிரெதிரான இரண்டு இடங்களில் வெட்டியே தீரும். ஆக, இங்கே இணைகோடு கிடையாது. நடுவே அகப்படுவது சாத்துக்குடியைச் சுளைசுளையாக வகுந்தால் வரும் தோல் கீற்று: இரண்டே பக்கமுள்ள மூடிய வடிவம். காகிதத்தில் இப்படி ஒன்றை வரையவே முடியாது. முனைக்கோணம் 36 டிகிரி என்றால் அதன் பரப்பு பந்தில் பத்தில் ஒரு பங்கு.

மூன்றாவதை மற்ற இரண்டுக்கும் செங்குத்தாக மாட்டுங்கள். எட்டு முக்கோணங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று செங்கோணம், கூட்டினால் 270. 180ஐத் தாண்டிய மிகுதி எவ்வளவோ அந்த விகிதத்தில் பரப்பு என்பதே இங்குள்ள விதி. பூமியில் ஒரு விகலை மிகுதிக்குச் சுமார் 197 சதுர கி.மீ. பெரிதாக்கினால் கோணமும் பெருகும் என்பதால் வடிவொத்த முக்கோணங்களும் இல்லை, நான்கு செங்கோணமுள்ள சதுரமும் இல்லை.

சமவெளியில் தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். அதனால் நில அளவைக்குக் கோயில் கோபுரங்களே மேடையாயின. 1808இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டனின் குழு அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. அத்தனை பெரிய கருவி எதற்கு? ஒன்றிரண்டு விகலைக்குத்தான்!

இப்படித் தஞ்சாவூர் முக்கோணத்தை அளக்கும்போது கூட்டுத்தொகை அச்சாக 180 வந்தால் மகிழக் கூடாது. எங்கோ இரண்டரை விகலை பிழை புகுந்திருக்கிறது. கணக்கு முறை பிரெஞ்சுக் கணித மேதை லெஜான்ட்ர் 1787இல் சொன்னது: பரப்பைத் தோராயமாகப் போட்டு மிகுதியைக் கண்டுபிடி, மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொரு கோணத்திலும் கழி, பிறகு சாதாரணத் தட்டை முக்கோணமாகவே பக்கங்களைக் கணக்கிடு.

வேலிக்கணக்கில் நிலம் அளக்க இதெல்லாம் தேவையில்லை. ஒரு சதுர கி.மீ. முக்கோணத்தில்கூட மிகுதி 0.005 விகலைதான்.