ஓர் அட்டைப்பெட்டியும் பதினெட்டுப் பேரும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்றொரு சிறு நகரம். 1940-களில் அங்கே ஹார்வுட் என்ற நிறுவனம் பைஜாமா தைத்து விற்றுக்கொண்டிருந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் சுற்றியிருந்த மலைப்பகுதிகளிலிருந்து வந்த இளம்பெண்கள். தைத்த துணிகளைத் தேய்த்து அடுக்கும் பிரிவு ஒன்றில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். தேய்த்த உருப்படிகளை ஆறு ஆறாகத் தட்டையான ஓர் அட்டையின் மேல் அடுக்கிவைப்பது அவர்களின் வழக்கம். ஒருநாள், அட்டையை எடுத்துவிட்டு அதே அளவுள்ள பெட்டியில் அடுக்கச் சொன்னது நிர்வாகம். அட்டை இருந்த இடத்திலேயே பெட்டியும் வைக்கப்பட்டது. கூடுதலாக ஆகும் நேரத்தை அளந்து, டஜனுக்கு இரண்டு நிமிடம் சேர்த்துக்கொடுத்துக் கூலி வீதத்தையும் மாற்றினார்கள். மொத்த வேலையில் மாறியது ஒன்பது சதவீதத்துக்கும் குறைவு.

அடுத்த நாற்பது நாட்களுக்குள் அந்தப் பிரிவில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மணிக்கு 60 அலகு என்ற அளவைத் தொட வேண்டிய உற்பத்தி 50-க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. மேற்பார்வையாளரிடம் முறைப்பு, வேலைமுறையை வகுத்த பொறியாளரோடு வாக்குவாதம். சிலர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தார்கள். புதிய கூலி வீதம் அநியாயம் என்று புகாரும் போனது. மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அந்த வீதம் தொழிலாளர்களுக்குச் சற்றுச் சாதகமாகவே இருந்தது தெரிந்தது.

கூலியில் குறையில்லை, வேலையும் பெரிதாக மாறவில்லை. பிறகு எதற்கு இத்தனை கோபம்?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் அந்த நிறுவனத்தின் பணியாளர் மேலாளர் லெஸ்டர் கோச்சும், உளவியலாளர் ஜான் ஃபிரெஞ்சும். அவர்கள் 1948-இல் வெளியிட்ட ஆய்வு, பணியிட நடத்தை பற்றிய அறிவியலில் இன்றும் திரும்பத் திரும்பப் படிக்கப்படுகிறது. மாற்றம் என்றாலே ஊழியர்கள் முரண்டு பிடிப்பார்கள், பழக்கத்தை விடமாட்டார்கள் என்ற பேச்சை எல்லா அலுவலகங்களிலும் கேட்கிறோம். அந்தப் பேச்சு எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இந்த ஆய்வைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

ஹார்வுட்டில் வேலை மாற்றம் புதிதல்ல. சந்தையில் பாணி மாறும்போதெல்லாம் ஆட்களைப் புதிய வேலைக்கு மாற்றுவார்கள். அப்படி மாற்றப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர்தான் பழைய வேகத்துக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் நிரந்தரமாகப் பின்தங்கினார்கள், அல்லது வேலையை விட்டார்கள். இன்னொரு விந்தையும் இருந்தது. அனுபவசாலி ஒருவர் புதிய வேலையைக் கற்றுக்கொள்ள எடுத்துக்கொண்ட காலம், ஒன்றும் தெரியாமல் வந்த புதியவர் எடுத்துக்கொண்ட காலத்தைவிட நீண்டது. கைகள் மறந்துவிட்டனவா என்று பார்த்தால், அதுவும் இல்லை. தடை மனத்தில் இருந்தது.

அந்தத் தடையை விளங்கிக்கொள்ள, வேலையில் இருப்பவர் எதை இழக்கிறார் என்று பார்க்க வேண்டும். பழைய வேலையில் வேகமாகக் கை ஓடும்போது அவருக்கு ஒரு பெயர் இருந்தது. புதியவர்கள் அவரிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். மாற்றப்பட்ட மறுநாளே அவர் தட்டுத்தடுமாறும் ஆள். சம்பளப் பட்டியலில் எழுதப்படாத இந்த இழப்பை நிர்வாகம் கணக்கில் எடுப்பதில்லை. கையிலிருந்து போவதன் வலி, கைக்கு வருவதன் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்பதை டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் கோட்பாடாகவே எழுதினார்கள். பிறகு கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், சிலருக்குக் காபிக் கோப்பையைச் சொந்தமாகக் கொடுத்து என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். ஏறத்தாழ ஏழு டாலர் என்றார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் வாங்கக் கொடுக்க முன்வந்தது மூன்று டாலருக்கும் குறைவு. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே இந்த மதிப்பு என்றால், பத்தாண்டு பழகிய வேலைக்கு எவ்வளவு இருக்கும்!

ஆனால் இழப்பை மட்டும் வைத்து ஹார்வுட்டை விளக்க முடியாது. ஏனென்றால் கோச்சும் ஃபிரெஞ்சும் வேறு மூன்று குழுக்களையும் ஏறக்குறைய அதே அளவு மாற்றத்துக்கு உட்படுத்தினார்கள். அவர்களுக்கும் இழப்பு இருந்தது. நடந்ததோ வேறு.

முதலில் சொன்ன பதினெட்டுப் பேருக்கு மாற்றம் அறிவிக்கப்பட்டது, காரணம் சொல்லப்பட்டது, கேள்விகளுக்குப் பதிலும் தரப்பட்டது. அத்தோடு கூட்டம் முடிந்தது. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் செய்வதும் இதுதான். இரண்டாவது குழுவில் பதின்மூன்று பேர். அவர்கள் முன்னால் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு உடைகளை வைத்தார்கள். ஒன்று 1946-இல் தைத்தது. இன்னொன்று 1947-இல் தைத்தது. அதன் விலை பாதி. எது மலிவானது என்று கேட்டபோது யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டியதன் அவசியம் அந்த இடத்திலேயே எல்லோருக்கும் விளங்கியது. பிறகு அந்தக் குழு தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது; அவர்கள் பொறியாளர்களோடு உட்கார்ந்து புதிய முறையையும் கூலி வீதத்தையும் வகுத்தார்கள். அந்தப் பிரதிநிதிகள் பேசும்போது "நம் வேலை", "நம் வீதம்" என்றே சொன்னார்கள் என்று ஆய்வாளர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். பதினான்கு நாட்களில் இந்தக் குழு மணிக்கு 61-ஐ எட்டியது.

எட்டுப் பேரும் ஏழு பேரும் கொண்ட கடைசி இரண்டு குழுக்களில் பிரதிநிதி என்ற ஏற்பாடே இல்லை. எல்லோருமே வடிவமைப்பில் பங்கெடுத்தார்கள். இரண்டாம் நாளே பழைய வேகம் திரும்பியது. பிறகு அதையும் தாண்டி ஏறத்தாழ 14 சதவீதம் உயர்ந்தது. முதல் நாற்பது நாட்களில் இந்த மூன்று குழுக்களிலிருந்தும் ஒருவர்கூட வேலையை விடவில்லை.

குழுக்கள் சிறியவை, ஒவ்வொன்றின் வேலையும் சற்று வேறுபட்டது என்ற குறை இந்த ஆய்வுக்கு உண்டு. ஆகவே எண்களை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அவை காட்டும் திசையைப் பிற்கால ஆய்வுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட சோதனை. 45 பேர் கணினித் திரையில் பாறைகளைப் பார்க்கிறார்கள். பாறைக்கு அடியில் பாம்பு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு வந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி. பாம்பு வரும் வாய்ப்பு மாறிக்கொண்டே இருக்கும். வியர்வையையும் கண்ணின் பாவை விரிவதையும் அளந்தார்கள். அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தபோது மன அழுத்தம் உச்சத்தில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? உச்சம் வந்தது, வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று இருந்தபோது. வரப்போவது நிச்சயம் என்று தெரிந்தால் உடல் அதற்குத் தயாராகிவிடுகிறது. வருமா வராதா என்று தெரியாதபோது மூளை ஓயாமல் கணக்குப் போட்டபடி இருக்கிறது.

இதை ஓர் அலுவலகத்தில் வைத்துப் பாருங்கள். மறுசீரமைப்பு வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. யாருக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாம் முடிவான பிறகு சொல்லலாம், அதுவரை ஏன் பீதியைக் கிளப்ப வேண்டும் என்று தலைமை நல்லெண்ணத்தோடே காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு முழுக்க ஊழியர்கள் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மூடிய கதவு, திடீரென ரத்தான கூட்டம், பதில் வராத மின்னஞ்சல் என ஒவ்வொன்றும் ஒரு துப்பாகிறது. வதந்தி பிறப்பது இப்படித்தான். வேலையற்றவர்களின் வம்பு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. தகவல் இல்லாத இடத்தைக் கூட்டாக நிரப்பும் முயற்சி அது.

இந்தக் காத்திருப்பு உடலையும் பாதிக்கிறது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. வைட்ஹால் இரண்டாம் ஆய்வு என்று பெயர். அதில் இடம்பெற்ற துறைகளில் ஒன்று, அரசுக் கட்டடங்களைக் கவனித்துவந்த முகமை. அது தனியார்மயமாகப் போகிறது என்ற செய்தி வந்தது. 1995-இல் வெளியான முடிவுகளின்படி, வேலை போவதற்கு முன்பே, மாற்றத்தை எதிர்பார்த்திருந்த கட்டத்திலேயே, அந்தத் துறையினர் தங்கள் உடல்நிலை பற்றிச் சொன்னது மற்றத் துறையினரைவிட மோசமாகியிருந்தது.

சரி, உண்மையைச் சொல்லிவிட்டால் போதுமா? எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் நிறைய இருக்கிறது. உளவியலாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. பெரிய ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போனதால், ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் பத்து வாரங்களுக்கு 15 சதவீத ஊதியக் குறைப்பு. ஓர் ஆலையில் நிறுவனத் தலைவர் நேரில் வந்தார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். இன்னோர் ஆலையில் துணைத் தலைவர் ஒருவர் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போனார். மூன்றாவதாக ஓர் ஆலையில் குறைப்பே இல்லை. அந்தப் பத்து வாரங்களில் ஆலைகளிலிருந்து களவுபோன பொருட்களைக் கிரீன்பெர்க் கணக்கிட்டார். குறைப்பு நடந்த இரண்டு ஆலைகளிலும் திருட்டு கூடியது. ஆனால் கால் மணி நேர அறிவிப்பு நடந்த ஆலையில்தான் அது மிக அதிகம். வேலையை விட்டுச் சென்றவர்களும் அங்கேதான் கூடுதல். ஊதியம் பழையபடி ஆனதும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கியது. வெட்டப்பட்ட தொகை இரண்டு ஆலைகளிலும் ஒன்றே. மதிக்கப்பட்டோமா என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

தலைமையின் கண்ணுக்கே படாத இன்னொரு சேதமும் மாற்றத்தில் நிகழ்கிறது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில், ஒரு காலத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்த சிறு குழுக்கள் வெட்டுவது முதல் ஏற்றுவது வரை எல்லாவற்றையும் தாங்களே செய்தன. கூட்டாளியை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். இயந்திரங்கள் வந்ததும் நாற்பது ஐம்பது பேரை மூன்று ஷிப்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு துண்டு வேலையைக் கொடுத்தார்கள். காகிதத்தில் அது சிறப்பான ஏற்பாடு. சுரங்கத்துக்குள்ளோ, முந்தின ஷிப்டு அரைகுறையாக விட்ட வேலை அடுத்தவர் தலையில் விழுந்தது. இருட்டில் ஒருவருக்கொருவர் துணையாக இருந்த பிணைப்பு அறுந்தது. வராமல் போவோர் பெருகினார்கள். எரிக் டிரிஸ்டும், முன்பு தாமே சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் இதை விரிவாக எழுதினார்கள். இயந்திரத்தை மாற்றும்போது, யார் யாரிடம் உதவி கேட்பார், யார் யாரை நம்புவார் என்ற ஏற்பாடும் சேர்ந்தே உடைகிறது. நிறுவன வரைபடத்தில் அது வரையப்படவில்லை என்பதால், அது இருந்ததே யாருக்கும் தெரிவதில்லை.

இதை அறிந்தவர்கள் கீழே வேலை செய்பவர்கள்தான். அவர்கள் வாய் திறப்பார்களா? மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அதற்கு நேர்மாறாக இருந்தது. அந்தக் குழுக்களில் பிழைகளை ஒளிக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். சொன்னால் தண்டனை வராது, ஏளனம் வராது என்ற நம்பிக்கைக்கு உளவியல் பாதுகாப்பு என்று பெயர். 1999-இல் உற்பத்தி நிறுவனம் ஒன்றின் 51 குழுக்களில் அதை அளந்து, அது இருக்கும் இடத்தில் கற்றல் நடப்பதையும் காட்டினார். மாற்றம் நடக்கும் நிறுவனத்தில் புகாரே வரவில்லை என்றால் எல்லாம் சீராக இருக்கிறது என்று மேலாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த அமைதி கவலை தருகிறது.

இங்கே ஒரு புள்ளிவிவரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிறுவன மாற்றங்களில் 70 சதவீதம் தோற்கின்றன என்று மேடைதோறும் சொல்கிறார்கள். மார்க் ஹியூஸ் 2011-இல் அதன் மூலத்தைத் தேடிப் போனார். அந்த எண்ணை நிறுவும் செல்லத்தக்க ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. ஊழியர்களைத் தடைக்கற்களாகப் பார்க்கும் மனப்பான்மைக்கு இந்த எண் வெகுகாலமாகத் தீனி போட்டுவருகிறது. அதைக் கைவிட்டால் நல்லது.

பங்கேற்பையும் மந்திரமாக நினைத்துவிடக் கூடாது. ஃபிரெஞ்சும் நார்வே நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து அங்கே ஒரு காலணித் தொழிற்சாலையில் ஹார்வுட் முறையை முயன்று, 1960-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உற்பத்தி உயரவில்லை. அங்கே தொழிலாளர்களிடம் விடப்பட்ட முடிவுகள் அற்பமானவை. தங்கள் தரப்பைப் பேசச் சங்கம் இருக்கும்போது, இப்படிக் கேட்பதை முறையான வழியாகவும் பலர் கருதவில்லை. சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கருத்துக் கேட்டுவிட்டு, யாரை எங்கே மாற்றுவது என்பதை மூடிய அறையில் முடிவு செய்யும் நிறுவனங்களில், கருத்துக் கேட்பு அவநம்பிக்கையைக் கூட்டவே செய்யும்.

ஹார்வுட்டின் பதினெட்டுப் பேரிடம் திரும்ப வருகிறேன். அந்தக் குழு பின்னர் கலைக்கப்பட்டு, ஆட்கள் ஆலையெங்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். இரண்டரை மாதம் கழித்து, மிச்சமிருந்த பதின்மூன்று பேரை கோச்சும் ஃபிரெஞ்சும் மீண்டும் ஒன்றுசேர்த்தார்கள். முறைத்தவர்கள், புகார் கொடுத்தவர்கள், மெதுவாக வேலை செய்தவர்கள் என்று பதிவான அதே பெண்கள். இன்னொரு புதிய வேலைக்கு அவர்களை மாற்ற வேண்டியிருந்தது. இந்த முறை எல்லோரையும் உட்காரவைத்து, வேலையை எப்படி அமைக்கலாம் என்று அவர்களோடு சேர்ந்து திட்டமிட்டார்கள். அவர்கள் விரைவிலேயே பழைய வேகத்தை எட்டி, அதற்கும் மேலே போனார்கள். அதன் பிறகு கவனித்த பத்தொன்பது நாட்களில் சண்டை எதுவும் பதிவாகவில்லை. ஒருவரும் வேலையை விடவில்லை.