நேவிகேஷனுக்குத் தமிழ் என்ன?

வேலூர் புதிய பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கும் ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்தால், வழி சொல்லும் கருவிக்கு நான்கு பெயராவது காதில் விழும்: மேப், ஜிபிஎஸ், லொகேஷன், நேவிகேஷன். "லொகேஷன் அனுப்புணா, வந்துடறேன்" என்பார் ஒருவர். "மேப் போட்டுத்தான் வந்தேன், சுத்தி விட்டுடுச்சு" என்பார் இன்னொருவர். பேச்சுக்கு இது போதும், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. எழுத உட்கார்ந்தால்தான் தொல்லை. லொகேஷன் என்பது ஓர் இடம். மேப் என்பது வரைபடம். ஜிபிஎஸ் என்பது அமெரிக்கா வானில் வைத்திருக்கும் ஒரு செயற்கைக்கோள் தொகுதியின் பெயர். இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு செய்கிற வேலைதான் நேவிகேஷன். நான்கையும் ஒரே சொல்லாகத் தமிழில் எழுதிவிட்டால் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதே புரியாமல் போகிறது.

நேவிகேஷன் கடலில் பிறந்த சொல். லத்தீனில் நாவிஸ் என்றால் கப்பல், அகெரே என்றால் ஓட்டு, நடத்து. இரண்டும் சேர்ந்து நாவிகாரே, அதாவது கப்பல் ஓட்டுதல். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் அது நெடுங்காலம் கடலைவிட்டு வெளியே வரவில்லை. பலூனும் விமானமும் வந்தபோது வானத்துக்கு ஏறியது, காருக்குள் வந்தது கடைசியில்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். "நம்ம நாவாய்தான் நேவி ஆச்சு" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நாவாய் பழைய சொல் என்பதில் ஐயமே இல்லை. புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார், கரிகாலனின் முன்னோர் காற்றை வசப்படுத்தி நாவாய் ஓட்டியதைச் சொல்கிறார். ஆனால் லத்தீன் நாவிஸ், கிரேக்க நவுஸ், வடமொழி நௌ ஆகிய மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை என்பது மொழியியலார் ஏற்றுக்கொண்ட செய்தி. நாவாய்க்கும் நௌவுக்கும் என்ன உறவு, யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. அதற்குள் லண்டன் வரை நாவாயை ஓட்டிப் போவது கொஞ்சம் அவசரம்தான். சொல் கடலில் ஊர் ஊராகச் சுற்றும் என்பதற்கு மாலுமியே சாட்சி. தமிழ்ச் சொல் போலவே ஒலிக்கும் அது, கப்பலுக்கு வழி காட்டுகிறவரை அரபுக் கடலோடிகள் அழைத்த முஅல்லிம் என்ற சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய பழைய சொல் மீகாமன்.

சாட்டிலைட்டின் கதை சின்னது. பெரிய மனிதரைச் சுற்றியே நிற்கும் மெய்க்காவலருக்கு லத்தீனில் சடெல்லெஸ் என்று பெயர். வியாழனைச் சுற்றும் நிலவுகளை 1611இல் கெப்ளர் அப்படி அழைத்தார். தமிழ்நாட்டில் நாம் செயற்கைக்கோள் என்கிறோம், இலங்கையில் செய்மதி என்கிறார்கள். கோள் சூரியனைச் சுற்றுவது, மதி பூமியைச் சுற்றுவது. அப்படிப் பார்த்தால் செய்மதிதான் பொருத்தம், சிக்கனமும்கூட. ஆனாலும் செயற்கைக்கோள் இங்கே பாடப்புத்தகத்திலேயே வேரூன்றிவிட்டது, இனி மாற்றுவது கடினம்.

சரி, கருவிக்கு வருவோம். நேவிகேஷன் என்பது ஒரு வேலை இல்லை. நான் எங்கே இருக்கிறேன், நான் நிற்பது எந்தச் சாலை, எந்த வழியில் போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று நான்கு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. செயற்கைக்கோளின் பங்கு முதல் கேள்வியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

அந்த முதல் கேள்விக்கு விடை தூரத்தில் இருக்கிறது. வேலூர்க் கோட்டையிலிருந்து நேர்கோட்டில் இத்தனை கிலோமீட்டரில் நிற்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கோட்டையை மையமாக வைத்து ஒரு வட்டம் போடலாம். அவர் அந்த வட்டத்தின் மேல் எங்கேயும் இருக்கலாம். ஆரணியிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் சொன்னால் இரண்டு வட்டங்கள் வெட்டும் இரண்டு புள்ளிகள் மிஞ்சும். குடியாத்தத்திலிருந்தும் தூரம் தெரிந்தால் ஒரே புள்ளிதான். வானில் வட்டத்துக்குப் பதில் கோளம், அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளியில் படித்த முக்கோண அளவையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1802இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்டன் பரங்கிமலையில் அடித்தளக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவையில், ஒரு கோட்டை அளந்துவிட்டு மற்றதற்கெல்லாம் கோணத்தைத்தான் பார்த்தார்கள். காரில் இருக்கும் கருவி கோணமே பார்ப்பதில்லை, தூரத்தை மட்டும் பார்க்கிறது.

தூரத்தை அளப்பது கடிகாரம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த வானொலி அலை ஒளியின் வேகத்தில் வந்தும் நம்மை எட்டுவதற்கு ஒரு நொடியில் நூற்றில் ஏழு பங்கு ஆகிறது. புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரோ நொடி பிசகினாலும் கணக்கு 300 மீட்டர் தள்ளிப்போகும், கோட்டைக்குள் நிற்பவரை அகழிக்கு வெளியே நிறுத்திவிடும். காரிலோ கைப்பேசியிலோ அணுக் கடிகாரம் வைக்க முடியாது, அதில் இருப்பது மலிவான கடிகாரம். அதன் பிசகையும் தெரியாத ஓர் எண்ணாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். தெரியாதவை நான்கு ஆகிவிட்டதால் நான்காவது செயற்கைக்கோளும் தேவைப்படுகிறது.

ஐன்ஸ்டைனும் இதற்குள் வருகிறார். வேகமாகப் பயணிக்கும் கடிகாரம் மெதுவாகவும், ஈர்ப்பு குறைந்த இடத்தில் உள்ள கடிகாரம் வேகமாகவும் நடக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் மேலே உள்ள கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்துகின்றன. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும் என்பதால், அந்தத் திருத்தத்தை முன்கூட்டியே செய்துதான் கடிகாரத்தை அனுப்புகிறார்கள்.

ஜிபிஎஸ் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973இல் தொடங்கிய திட்டம். முதல் செயற்கைக்கோள் 1978இல் போனது, 1995இல் முழு அமைப்பும் தயாரானது. ஆனால் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்திய பிறகுதான் தெருத் தெருவாக வழி சொல்லும் துல்லியம் எல்லோருக்கும் கிடைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், காரில் வழி சொல்லும் கருவி செயற்கைக்கோளுக்கு முன்பே வந்துவிட்டது. 1981இல் ஹோண்டா விற்ற கருவி, திசை மாறுவதைச் சுழல்காட்டியால் (கைரோஸ்கோப்) உணர்ந்து, ஒளி ஊடுருவும் வரைபடத் தாளின் மேல் கார் இருக்கும் இடத்தைக் காட்டியது. 1985இல் அமெரிக்காவில் வந்த ஈடாக் கருவி வரைபடத்தைக் கேசட்டில் வைத்திருந்தது. சக்கரம் எவ்வளவு உருண்டது, எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்துக்கொண்டே போய், அதை வரைபடத்தில் உள்ள சாலையோடு பொருத்திப் பிழையைத் திருத்தும். ஈடாக் என்பது பசிபிக் தீவுகளின் கடலோடிகள் கையாண்ட வழியறியும் முறையின் பெயர். பாருங்கள், அங்கேயும் கப்பல்தான். இன்றும் காரோடு வரும் கருவிகள் சுரங்கப்பாதையில் அலை கிடைக்காதபோது சக்கரத்தையும் சுழல்காட்டியையும்தான் நம்புகின்றன.

இரண்டாவது வேலை இந்தப் பொருத்துதல். செயற்கைக்கோள் அலைகளை வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது அட்சரேகை, தீர்க்கரேகை போன்ற எண்கள் மட்டுமே, அவற்றுக்குச் சாலை தெரியாது. சில மீட்டர் பிழை எப்போதும் இருக்கும். சத்துவாச்சாரியில் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே சர்வீஸ் சாலை ஓடுகிறது. நீங்கள் எதில் போகிறீர்கள் என்பதைக் கருவி உங்கள் வேகத்தையும், முன்பு எங்கே இறங்கினீர்கள் என்பதையும் வைத்து ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் மேலே போகிறவரைக் கீழே திரும்பச் சொல்லும். ஏலகிரி மலையேறும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதே பாடுதான், ஒரே சாலை தன் பக்கத்திலேயே திரும்பத் திரும்ப வருகிறது.

மூன்றாவது வேலை வழியைத் தேர்ந்தெடுப்பது. சாலை சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் வைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஆகும் நேரத்தைப் போட்டு, மொத்தம் குறைவாக வரும் தொடரைத் தேட வேண்டும். இதற்கான அடிப்படை முறையை டச்சுக் கணினி அறிஞரான டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது யோசித்தார். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் கண்ணமங்கலம், போளூர் வழியாகவும் போகலாம், ஆற்காடு, ஆரணி சுற்றியும் போகலாம். எது குறுக்கு என்று கருவி பார்ப்பதைவிட எது சீக்கிரம் என்றே பார்க்கிறது. முன்னால் போகிற கைப்பேசிகள் எந்த வேகத்தில் நகர்கின்றன என்ற செய்தியும் அந்தக் கணக்கில் சேர்கிறது.

இந்த வேலைக்கும் முன்னால் ஒரு கண்ணி இருக்கிறது. நாம் தட்டும் ஊர்ப் பெயரை எண்ணாக மாற்ற வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஆரணி, திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னோர் ஆரணி. வேலூர் என்று தேடுகிறவருக்கு நாமக்கல் பக்கத்துப் பரமத்தி வேலூரும் கண்ணில் படலாம். அங்கே தவறு நடந்தால் வானில் உள்ள கடிகாரங்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான்காவது வேலை, சொல்வது: "200 மீட்டரில் இடப்புறம் திரும்பவும்." இது வட ஆர்க்காட்டுக்குப் புதிதல்ல. ஆறு என்றால் நதி மட்டுமல்ல, வழியும்கூட. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். பரிசு பெற்று வருகிற கலைஞர், எதிரே வரும் வறிய கலைஞருக்கு வள்ளலின் ஊருக்குப் போகும் வழியைச் சொல்வதே ஆற்றுப்படை என்னும் பாட்டு வகை. அதில் மலைபடுகடாம் பாடுவது நன்னனின் செங்கண்மாவுக்குப் போகும் வழியை. இன்றைய செங்கம்தான் அது, பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர். பாட்டில் வரும் நவிரமலை பர்வதமலை என்றும், சேயாறு நம் செய்யாறு என்றும் சொல்வார்கள். பன்றிக்குப் பொறி வைத்த வழியில் இருட்டில் போகாதே, விடிந்தபின் போ என்று எச்சரிக்கிறது. தினைப்புனக் காவலர் கவணில் எறியும் கல் படாமல் பார்த்துப் போகச் சொல்கிறது. வழி பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறது. முன்னே போனவர் பின்னே வருபவருக்குச் செய்தி விட்டுப் போகும் ஏற்பாட்டை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பாட்டு கையில் இருக்கும்போது, நேவிகேஷனுக்கு ஆற்றுப்படுத்தல் என்றே வைத்துவிடலாமே என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. மனநல ஆலோசகரை ஆற்றுப்படுத்துநர் என்று இன்று எழுதுகிறார்கள். காரில் இருக்கும் பெட்டியையும் அப்படிக் கூப்பிட்டால் சிரிப்புத்தான் வரும்.

வழிசெலுத்தல், வழிசெலுத்தி என்று எழுதுகிறவர்கள் உண்டு. கப்பலுக்கும் விமானத்துக்கும் வழிசெலுத்தல் சரி, அங்கே பாதை பார்ப்பதும் ஓட்டுவதும் ஒரே தொழிலின் இரு கை. காரில் செலுத்துகிறவர் ஓட்டுநர், பெட்டி வெறுமனே காட்டுகிறது. அதனால் கார்க் கருவிக்கு வழிகாட்டி என்பதே என் தேர்வு. சுற்றுலா வழிகாட்டியோடு குழம்பும் என்று தோன்றினால் கார் வழிகாட்டி, சாலை வழிகாட்டி என்று அடை சேர்த்துக்கொள்ளலாம்.

ஜிபிஎஸுக்குப் புவியிடங்காட்டி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இடத்தைக் காட்டும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது என்பதை அது நேராகச் சொல்லிவிடுகிறது. ஜிபிஎஸ் என்பது கறாராகப் பார்த்தால் ஓர் அமைப்பின் சிறப்புப் பெயர். இன்றைய கைப்பேசிகள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்று பலவற்றின் அலைகளையும் சேர்த்தே கேட்கின்றன. நம் நாட்டு அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது, ஏழாவது 2016 ஏப்ரலில். அப்போது அந்த அமைப்புக்கு நாவிக் என்று பெயரிட்டார்கள். அது ஒரு சுருக்கப் பெயர், இந்தியில் கப்பலோட்டி என்றும் பொருள்படும். நௌ என்ற பழைய வேர்தான் அதிலும் இருக்கிறது. 2023 மே மாதம் அனுப்பிய என்விஎஸ்-01இல் இந்தியாவிலேயே செய்த ரூபிடியம் அணுக் கடிகாரமும் போனது. ஆக, அமெரிக்க அமைப்பைக் குறிப்பிட்டுப் பேசும்போது ஜிபிஎஸ், இந்திய அமைப்புக்கு நாவிக் என்று பெயரை அப்படியே எழுதலாம், சிறப்புப் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. எந்த நாட்டு அலையைக் கேட்டாலும் கைக்குள் இருக்கும் கருவி புவியிடங்காட்டிதான்.