அலைச்சறுக்கு: ஹவாய் சொன்னதைச் சொல்லும் தமிழ்ச்சொல்

பலகைமேல் நின்று கடல் அலையில் பாய்ந்து வரும் 'சர்ஃபிங்' விளையாட்டை நம் நாளிதழ்கள் 'அலைச்சறுக்கு' என்று எழுதுகின்றன. "சறுக்கல் என்றால் தோல்வி அல்லவா? 'யானைக்கும் அடி சறுக்கும்' என்கிறோமே, அதைப் போய் ஒரு வீர விளையாட்டுக்குப் பெயராக வைக்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது.

இந்த விளையாட்டுக்கு ஹவாய் மக்கள் வைத்த பெயர் 'ஹெஏ நலு'. 'ஹெஏ' என்றால் சறுக்குதல், வழுக்குதல், உருகி ஓடுதல். 'நலு' என்றால் அலை. ஆக, 'ஹெஏ நலு' என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் கிடைப்பது அலைச்சறுக்குதான்.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. 'சர்ஃப்' என்பது விளையாட்டைக் குறித்த சொல்லே அல்ல. கரையருகே உடைந்து நுரைக்கும் அலையைக் குறித்தது. அதன் வேர் உறுதிப்படவில்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் அது எழுத்தில் வந்தபோது இந்தியக் கடற்கரையைப் பற்றிய குறிப்புகளில்தான் வந்தது. அதனால் அது ஏதோ ஓர் இந்திய மொழிச் சொல்லாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. பயணிகளைக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியே இல்லாமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. அலை அறையும்போது விறைத்து நின்று பிளந்துபோகாமல் வளைந்து கொடுக்கும். கவிழ்ந்தால் ஆளைத் தூக்க, கட்டுமரத்தில் மீனவர்கள் கூடவே வருவார்கள். அந்தக் கப்பல்காரர்களுக்கு 'சர்ஃப்' என்பது பயந்து கடக்கவேண்டிய இடம்.

ஹவாய்க்காரர்களுக்கோ அது விளையாடும் இடம். ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக்கின் பயணத்தில் வந்த அதிகாரி ஜேம்ஸ் கிங், 1779இல் அங்கே மக்கள் பலகைமேல் அலையில் பாய்ந்து வருவதை வியப்போடு எழுதிவைத்தார். தலைவர்களுக்கு 'ஓலோ' என்னும் மிக நீண்ட பலகை. மற்றவர்களுக்குக் குட்டையான, மெல்லிய 'அலையா'. இதைக் கேட்டதும் நம் 'அலை'யோடு முடிச்சுப் போடத் தோன்றும். வேண்டாம், அது வெறும் ஒலி ஒற்றுமை. 1820இல் கிறித்தவ மதபோதகர்கள் வந்தார்கள், வெளியார் கொண்டுவந்த நோய்களால் மக்கள்தொகை சரிந்தது, விளையாட்டும் தேய்ந்தது. அதை உலகுக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் ஹவாய்க்காரரான டியூக் கஹனமோகு. 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றவர். ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சிட்னி கடற்கரையில் இதைச் செய்து காட்டினார். அவர் விரும்பியபடி இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2021இல், டோக்கியோவில்தான்.

'சறுக்கு' பொருந்துமா என்பதை ஓர் அலையை வைத்தே பார்க்கலாம். பலகைமேல் குப்புறப் படுத்து, கைகளால் துடுப்புப் போட்டு, பின்னால் வரும் அலையின் வேகத்தை எட்டப் பார்க்கிறார் வீரர். அலை பலகையின் வாலைத் தூக்குகிறது. மூக்கு தாழ்கிறது. அந்த நொடியில் கையின் வேலை முடிந்துவிடும். அலையின் சரிவில் பலகை தானாகவே கீழே இறங்கும். அவர் எழுந்து நிற்பது அதற்குப் பிறகுதான். இழுப்பது புவியீர்ப்பு, ஆனால் சரிவே முன்னோக்கி நகர்ந்துகொண்டிருப்பதால் இறக்கம் தீர்வதில்லை. பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடும் சறுக்குமரத்தில் யாரும் தோற்று விழுவதில்லையே. இங்கேயும் சறுக்கல் அந்த வகைதான்.

'அலையாடல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் கரையோரத்தில் கால் நனைப்பதும் அதில் அடங்கிவிடும். 'நீர்ச்சறுக்கு' இன்னும் குழப்பும். படகு இழுக்க நீர்மேல் போவது தனி விளையாட்டு. இணையத்தில் 'சர்ஃப்' செய்வதற்கு 'உலாவுதல்' ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் அதைத் தொட வேண்டாம். பலகையை 'அலைச்சறுக்குப் பலகை' என்று முழுதாகச் சொல்வது நல்லது, வெறும் 'சறுக்குப் பலகை' என்றால் சாலையில் சக்கரம் வைத்து ஓட்டுவதும் நினைவுக்கு வரும். "கோவளத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அலைச்சறுக்குப் பழகுகிறார்கள்", "இலங்கையின் அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்க வருகிறார்கள்" என்று பெயராகவும் வினையாகவும் தயங்காமல் எழுதலாம்.