பழைய மசில் கார் எஞ்சினுக்கு விலை பேசும் முன்

பழைய அமெரிக்க மசில் கார் (வலுவான எஞ்சின் கொண்ட அந்தக் காலத்து வேகக் கார்) எஞ்சினை விற்பவர்கள் வழக்கமாக மூன்று சொல்வார்கள். குதிரைத்திறன் இவ்வளவு, நம்பர் மேட்சிங் (எஞ்சினில் குத்திய எண்ணும் காரின் எண்ணும் ஒன்று), கழற்றும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த மூன்றில் எதையும் நம்பி நான் ஒரு டாலர்கூடக் கொடுக்க மாட்டேன்.

மிச்சிகனில் எஞ்சின் மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறேன். கார் கம்பெனி வேலைக்காக டெட்ராய்ட் பக்கம் குடிவந்த நம்மவர்கள் சிலருக்கு 1960களின் கார்கள் மீது மோகம் பிடித்துவிடுகிறது. கராஜில் எஞ்சின் இல்லாத ஒரு செவ்ரலே கமாரோ கார் வந்து நிற்கும்; பிறகு எஞ்சின் வேட்டை தொடங்கும். வாங்கி முடித்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள்.

ஒரு பழைய எஞ்சினுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று அதன் அடையாளத்துக்கு, மற்றது அதன் இரும்புக்கு. விற்பவர் இரண்டையும் கூட்டித்தான் சொல்வார். பிரித்துப் பார்ப்பது வாங்குபவர் வேலை.

முதலில் அடையாளம். 1969 கமாரோ Z/28-ஐ எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்குள் அடங்குவதற்காக செவ்ரலே உருவாக்கிய 302 எஞ்சின் அதில் இருந்தது. எஞ்சினின் உடலான பிளாக்கின் முன்புறம், சிலிண்டர்களை மேலே மூடும் வலது பக்க ஹெட்டுக்கு முன்னால் சிறிய தட்டையான இடம் ஒன்று இருக்கும். அங்கே V0212DZ என்று குத்தியிருந்தால், V என்பது ஃபிளின்ட் தொழிற்சாலை, 0212 என்பது பிப்ரவரி 12, DZ என்பது அந்த Z/28 எஞ்சினின் குறி. 1968 முதல் காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியையும் எஞ்சினில் குத்தத் தொடங்கினார்கள். 19N என்று ஆரம்பித்தால் செவ்ரலே, 1969, ஓஹையோவின் நார்வுட் ஆலை என்று பொருள். அடுத்து வருவது காரின் வரிசை எண். இது அதே தட்டையான இடத்திலோ ஆயில் ஃபில்டருக்கு அருகிலோ இருக்கும்.

மூன்று தேதிகள் வரிசையாக வர வேண்டும்: பிளாக்கை வார்த்த தேதி, எஞ்சினைப் பூட்டிய தேதி, காரைக் கட்டிய தேதி. வார்த்த தேதி பிளாக்கின் பின்பக்கத்தில் இருக்கும். A 28 9 என்றால் ஜனவரி 28, 1969. மார்ச்சில் வார்த்த பிளாக்கைப் பிப்ரவரியில் பூட்டியதாக முத்திரை சொன்னால், பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அந்தத் தட்டையான இடத்தைத் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஆலையில் அந்த மேற்பரப்பைச் சீவிய கருவி, முன்னிருந்து பின்னாக நேரான மெல்லிய கோடுகளை விட்டுச்சென்றிருக்கும். எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் குத்தப்பட்டிருக்க வேண்டும். கோடுகளே இல்லாமல் வழவழப்பாக இருந்தாலோ வட்டமான சுழல் தடங்கள் தெரிந்தாலோ பிற்காலத்தில் யாரோ அந்த இடத்தைச் சீவியிருக்கிறார்கள். சீவியதாலேயே அது மோசடி ஆகிவிடாது. எஞ்சினைப் புதுப்பிக்கும்போது ஹெட் உட்காரும் பரப்பைச் சமன் செய்வது வழக்கம். கவனமில்லாத ஷாப்பில் முத்திரையும் அதோடு போய்விடும். சீவிய பரப்பின் மேல் எழுத்துகள் மட்டும் பளிச்சென்று இருந்தால்தான் கதை வேறு. அமெரிக்காவில் காரின் அடையாள எண்ணைத் திருத்துவது மத்திய சட்டப்படி குற்றம்.

எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அப்போதும் விற்பவர்கள் ஏற்க மறுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது: நம்பர் மேட்சிங் என்றால் எந்தக் காரோடு மேட்சிங்? அந்த வரிசை எண்ணுள்ள கார் யாரிடம் இருக்கிறதோ, அவருக்குத்தான் அந்த எஞ்சின் விலைமதிப்பற்றது. உங்கள் காரில் வைத்தால் அது ஒரு நல்ல 302, அவ்வளவுதான். சரியான காலத்து எஞ்சின் என்று கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். காரையும் சேர்த்து விற்கும்போது கேட்கும் விலையை எஞ்சினுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது.

இனி இரும்பு. செவ்ரலே ஸ்மால் பிளாக் வகையில் 305-உம் 350-உம் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். 350-இன் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், 305-இன் விட்டம் 3.736. ஹெட் மாட்டியிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வார்ப்பு எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதையும் அரைகுறையாகப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. 3970010 என்ற எண்ணைக் கண்டதும் பரவசப்படுகிறார்கள். அது 1969 முதல் 1970களின் இறுதி வரை வார்த்துக் குவித்த சாதாரண 350 பிளாக். கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பிடித்து நிறுத்தும் மெயின் பேரிங் கேப்பில் இரண்டு போல்ட் உள்ளதும் உண்டு, நான்கு உள்ளதும் உண்டு. எது என்று அறிய அடியிலுள்ள ஆயில் சம்ப்பைக் கழற்றியே ஆக வேண்டும். தேதியில் ஆண்டுக்குக் கடைசி இலக்கம் மட்டுமே இருப்பதால், அதே 9 என்பது 1979 ஆகவும் இருக்கலாம். 1969 என்று நினைத்து அதிக விலை கொடுத்து 1979 பிளாக்கைத் தூக்கி வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆயில் சம்ப்பைக் கழற்றச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் எஞ்சின் கெட்டிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கழற்றினால் கிராங்கையும் பார்த்துவிடலாம். வார்ப்புக் கிராங்கில் அச்சின் இணைப்புக் கோடு நூல்போல் மெல்லியதாக ஓடும். ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கிய) கிராங்கில் அது பட்டையாக, அகலமாக இருக்கும். Z/28-இன் 302-இல் இருந்தது ஃபோர்ஜிங் கிராங்க். அதற்குப் பதில் வார்ப்புக் கிராங்க் இருந்தால் விலை அங்கேயே இறங்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்ற முடிந்தால் பிஸ்டன் தலையைத் துடைத்துப் பாருங்கள். 030 என்று இருந்தால் சிலிண்டரை ஏற்கெனவே 0.030 அங்குலம் போர் செய்து (குடைந்து அகலப்படுத்தி) ஆயிற்று. 060 என்றால் பல பிளாக்குகளுக்கு அதுவே கடைசிப் படி. அடுத்து ஒரு முறை போர் செய்ய சுவர் மிச்சமிருக்கிறதா என்று அல்ட்ராசானிக் கருவியில் அளந்த பிறகே பணம். சிலிண்டரின் மேல் விளிம்பில் விரல் நகம் தட்டுகிறதா என்றும் தடவிப் பாருங்கள். தட்டினால் தேய்மானம் அதிகம்.

எங்கள் ஊர்க் குளிர் தனிக்கதை. ஆன்டிஃபிரீஸ் இல்லாமல் வெறும் தண்ணீரோடு கொட்டகையில் கிடந்த எஞ்சினில், தண்ணீர் உறைந்து பிளாக்கின் பக்கச் சுவரையே வெடிக்க வைத்திருக்கும். ஃபிரீஸ் பிளக்குகளை (பிளாக்கின் பக்கத்திலுள்ள வட்ட உலோக மூடிகள்) ஒட்டியும், மேலே லிஃப்டர்கள் (வால்வுகளை இயக்கும் உருளைகள்) இருக்கும் பள்ளத்திலும் விரிசலைத் தேடுங்கள். புத்தம் புதிய செவ்ரலே ஆரஞ்சுப் பெயின்ட் எனக்கு எப்போதும் சந்தேகத்தைத்தான் தரும். அதற்கடியில் விரிசலை மறைத்த எபாக்சி பூச்சு இருந்ததுண்டு. துருப்பிடித்த எஞ்சினிடம் இந்த வம்பு இல்லை.

குதிரைத்திறனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1971 வரை காற்று ஃபில்டர், விசிறி, சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்த கிராஸ் கணக்கு; 1972 முதல் எல்லாவற்றையும் மாட்டி அளந்த நெட் கணக்கு. செவ்ரலே கார்வெட் காரின் LT-1 எஞ்சின் 1971-இல் 330, 1972-இல் 255. எஞ்சின் அப்படியொன்றும் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

காரைப் பிரிந்த எஞ்சினுக்கு அதிக விலை கூடாது என்றேனே, அதற்கு விதிவிலக்கு ஒன்று: கிரைஸ்லர் கம்பெனியின் 426 ஸ்ட்ரீட் ஹெமி, 1966 முதல் 1971 வரை வந்தது. அதன் நடு மெயின் கேப்புகளைப் பக்கவாட்டிலும் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். பிளாக்குக்கு வெளியிலிருந்தே அந்த போல்ட் தலைகள் தெரியும். விரிசல் இல்லாத பழைய ஹெமி பிளாக் தன் காரைப் பிரிந்து வந்தாலும் நல்ல விலைக்குப் போகும். சாதாரண 350-ஐ வைத்துக்கொண்டு அந்தக் கணக்கில் விலை கேட்பவரிடம் நின்று பேச வேண்டாம்.

பேரத்துக்குப் போகும் முன் உங்கள் ஊர் மெஷின் ஷாப்பில் கழுவுதல், விரிசல் சோதனை, போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு வேலை எல்லாவற்றுக்கும் விலை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் தனி. பெரும்பாலும் அந்தத் தொகை எஞ்சின் விலையைத் தாண்டும். ஓட்டிப் பார்க்காத எந்த எஞ்சினுக்கும் இந்தச் செலவு முழுவதையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைத்தான் கொடுக்க வேண்டும். ரசீதில் வார்ப்பு எண்ணையும் முத்திரையையும் எழுதி, விற்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்ட பிறகு டிரக்கில் ஏற்றுங்கள்.