கையசைத்தால் கேட்கும் திரை: இரண்டு நொடிக்குள் என்ன நடக்க வேண்டும்?

"மாலில் வைத்திருக்கும் திரை, தொடாமலேயே நம் கையசைவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவ்வளவு கெட்டிக்காரத் திரை என்றால் ஏன் யாரும் அதைச் சீண்டுவதில்லை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. முதலாவதைச் சட்டென்று முடித்துவிடலாம்.

மைக்ரோசாஃப்ட் 2010-இல் வெளியிட்ட கினெக்ட் என்ற அசைவறியும் கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை எதிரே இறைத்தது. அந்தப் புள்ளிகள் பக்கத்துக் கேமராவில் எவ்வளவு விலகித் தெரிகின்றன என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டது. பள்ளியில் போட்ட முக்கோணக் கணக்குதான். அதற்கடுத்த கினெக்ட், ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அறிந்தது. ஒரு மீட்டருக்கு அது ஏறத்தாழ 6.7 நானோநொடி. தூரம் தெரிந்துவிட்டால் தலை, தோள், மணிக்கட்டு என்று மூட்டுகளைப் பிரித்தறிவது மென்பொருளின் வேலை. கண்ணாடிக் கூரை போட்ட மாலில் உச்சி வெயில் இறங்கும்போது மட்டும் இது தடுமாறும். வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம் என்பதால் சென்சாரின் ஒளி அதில் அமுங்கிப்போகும். அதனால் மாலை ஆறு மணிக்கு நன்றாக ஓடியதைப் பார்த்துத் திருப்திப்படாமல், பகல் பன்னிரண்டுக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. முதல் கினெக்டின் பார்வை அகலம் 57 டிகிரி. திரையிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளிக் குறுக்கே நடப்பவர் அந்த வரம்புக்குள் கடப்பது சுமார் 2.7 மீட்டர்தான். நொடிக்கு 1.3 மீட்டர் என்ற சாதாரண நடைக்கு அது இரண்டு நொடிச் சொச்சம். அதற்குள் சென்சார் அவரைக் கண்டுகொள்ள வேண்டும், திரை மாற வேண்டும், அவர் கண் அங்கே போக வேண்டும், 'இது எனக்குப் பதில் சொல்கிறது' என்று அவருக்கு உறைக்கவும் வேண்டும். 'கையை அசைத்துப் பாருங்கள்' என்று எழுதி வைத்தால் யார் படிக்கப் போகிறார்கள்? மாலில் எழுதியிருப்பதெல்லாம் விளம்பரம் என்று கண் எப்போதோ முடிவு கட்டிவிட்டது.

யோர்க் மியூலரும் சக ஆய்வாளர்களும் பெர்லினில் ஒரு கடையின் முகப்பில் திரைகளை வைத்துச் சோதித்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடப்பவரின் நிழலுருவையோ உருவத்தையோ கண்ணாடிபோல் திரையில் காட்டியபோது, கார்ட்டூன் பொம்மை காட்டியதைவிட அதிகம் பேர் ஈடுபட்டார்கள். இதன் காரணம் அழகானது. நடப்பவரின் உடம்பே இங்கே கட்டளை. எந்தச் சைகையையும் அவர் கற்க வேண்டியதில்லை. தான் வைத்த அடியும் திரையில் விழும் அடியும் ஒன்றாக இருப்பதை மூளை தானே பொருத்திப் பார்த்துவிடுகிறது. ஓரக்கண்ணுக்கு எழுத்து தெரியாது, அசைவு தெரியும். ஆனால் பொருத்தம் பிசகக் கூடாது. 200 மில்லிநொடி தாமதம் என்றால் நிழல் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக, 26 சென்டிமீட்டர், பின்தங்கிவிடும். அப்போது அது நம் நிழல் அல்ல, யாரோ ஓட்டும் வீடியோ. கேமராப் படத்தை இடவலம் மாற்றாமல் அப்படியே போட்டாலும் இதே கதிதான்.

அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று: பலருக்குப் புரிந்தபோது அவர்கள் திரையைத் தாண்டியிருந்தார்கள். நின்று, திரும்பி நடந்து வந்தார்கள். எனவே திரையை எஸ்கலேட்டர் இறங்கும் இடத்தை ஒட்டி வைப்பது வீண். பின்னால் வருகிற கூட்டம் திரும்ப விடாது. இரண்டு மூன்று திரைகளை வரிசையாக வைத்தால், முதலாவதைத் தாண்டியபின் புரிந்தவருக்கு அடுத்தது காத்திருக்கும்.

இதையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க முடியாது. "இந்தத் திரையைப் பயன்படுத்துங்கள்" என்று சொன்ன கணமே அந்த இரண்டு நொடிச் சிக்கல் காணாமல் போகிறது. மாலில் சோதிக்கும்போது அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு திரைக்கருகே நிற்கக் கூடாது. எதையோ விற்கிறார்கள் என்று பாதிப் பேர் விலகிப்போவார்கள். எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, கையில் ஒரு பையோடு, வாடிக்கையாளர்போல நிற்பதே சரி. குறிப்புத்தாளில் கட்டங்கள்: கடந்தவர், பார்த்தவர், நடை தளர்ந்தவர், நின்றவர், திரும்பி வந்தவர், கையசைத்தவர், எடுத்த காரியத்தை முடித்தவர். எந்தக் கட்டத்தில் ஆள் உதிர்கிறதோ அங்கேதான் கோளாறு. சென்சாரின் எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது. ஒரே குழந்தை நாலு தடவை ஓடிவந்தால் அது நாலு பேர் என்று எழுதிக்கொள்ளும். சாதாரண வீடியோ மட்டும் ஓடும் நேரத்தையும் இடையிடையே வைத்து ஒப்பிட வேண்டும். செவ்வாய்க்கிழமையை சனிக்கிழமையோடு ஒப்பிட்டால் கிடைப்பது திரையைப் பற்றிய தகவல் அல்ல, கூட்டத்தைப் பற்றியது.

நின்றவர்களும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. பொத்தான் மேல் கையை ஒரு நொடி நிறுத்தினால் தேர்வாகும் என்று வைத்தால், படிப்பதற்காகக் கையை நிறுத்தியவருக்குக் கேட்காதது திறக்கும். நேரத்தைக் கூட்டினால் தோள் வலிக்கும். 2013-இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸில் கினெக்டுக்கு மென்பொருள் எழுதுவோருக்கான கருவித்தொகுப்பில், கையை முன்னால் தள்ளினால் தேர்வு என்ற முறையைச் சேர்த்தது. இரண்டு கையிலும் பை வைத்திருப்பவருக்கு எந்த முறையும் உதவாது. கும்பிட்டால் திரை விழிக்கும் என்பது நம்மூர் ஆட்களுக்கு உடனே தோன்றும் யோசனை. ஆனால் சேர்ந்த இரு கைகள் சென்சார் தூரத்தை வைத்து வரையும் படத்தில் ஒரே திட்டாகி மணிக்கட்டுப் புள்ளிகள் குதிக்கும். பெர்லின் குழுவினர் 2013-இல் ஒரு கையை இடுப்பில் வைப்பதைச் சைகையாக்கினார்கள். அதற்கான குறிப்பைத் திரையின் ஒரு பகுதியில் நிரந்தரமாகக் காட்டியும் 56 சதவீதம் பேர்தான் செய்தார்கள். மற்ற வழிகளில் அது இன்னும் குறைவு.

திரைக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் இந்தச் சோதனைக்கு ஒரு வாரச் சம்பளம் ஒதுக்க யோசிப்பது எனக்குப் புரிவதே இல்லை.

பேட்டியைக் கடைசியில், பயன்படுத்தியவர் திரையை விட்டு விலகியபின் எடுக்க வேண்டும். "எளிதாக இருந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "உங்களைப் பார்த்துத்தான் அது அசைகிறது என்று எப்போது தெரிந்தது?" என்று கேளுங்கள். முகம் தெரியும் வீடியோவைச் சேமிக்காமல் மூட்டுப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. முதலில் ஓடிவருவது பெரும்பாலும் குழந்தைகள். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழானவரின் தனித்தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.