பழைய கேசட்டைக் கையில் எடுத்ததும் ஓடவிட வேண்டாம்

பரணிலிருந்து கேசட் பெட்டியை இறக்கியவுடன், அதே பரணில் கிடந்த டூ இன் ஒன்னையும் தூசு தட்டி, தாத்தா பேசிய கேசட்டை உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்திவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ஒலிநாடாக்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தரும் தொழிலில் இருக்கும் எங்களிடம் கசங்கியும் அறுந்தும் வந்து சேரும் நாடாக்களில் பலவும், இத்தனை ஆண்டுகள் நன்றாகவே இருந்துவிட்டு, அந்த முதல் அவசரத்தில் கெட்டுப்போனவை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட்டின் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலமே உடையது, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவது. ஒரு மணி நேரம் ஓடும் சி-60 கேசட்டில் அதன் தடிமன் ஏறத்தாழ 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). இரண்டு மணி நேரம் ஓடும் சி-120-இல் அதில் பாதிதான். ஈரமும் வெயிலும் படாமல் இருந்தால் இந்த நாடா பல பத்தாண்டுகள் தாங்கும். கருவியின் ரப்பர் பாகங்கள் அப்படித் தாங்குவதில்லை. பெல்ட் தளர்ந்து, சிலவற்றில் தார்போல உருகி ஒட்டிக்கொள்கிறது. நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை இறுகி வழவழப்பாகிறது. நாடாவை வாங்கிச் சுற்ற வேண்டிய சக்கரம் நின்றுபோக, உருளை மட்டும் தொடர்ந்து தள்ளினால், வெளியே வரும் நாடா முழுவதும் அந்த உருளையையே சுற்றிக்கொள்ளும்.

ஆகவே முதலில் கேசட்டைக் கையில் வைத்துப் பாருங்கள். ஜன்னல் வழியே நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனி உறையில் போட்டு ஒதுக்கிவிட வேண்டும். அதை ஓட்டினால் பூஞ்சை, நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். வெயிலில் காயவைத்தால் நாடா நெளியும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுப் பட்டை, பசை காய்ந்து உதிர்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் ஒலி மங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். நாடாவே போய்விட்டது என்று எண்ணிப் பலர் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள், ஆனால் திருகாணி வைத்த வேறொரு கூட்டுக்கு நாடாவை மாற்றினாலே குரல் திரும்பிவிடும். பின்விளிம்பிலுள்ள இரு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிட்டால், தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. தளர்ந்த நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்குவது இன்றைக்கும் சரியான பழக்கமே. 1970, 80-களின் சில ஸ்பூல் டேப்புகளில் (கூடு இல்லாத பெரிய சுருள் நாடாக்களில்), காந்தத் துகள்களை நாடாவில் பிடித்து வைக்கும் பசையே ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அவற்றை வீட்டில் தொடவே வேண்டாம்.

கருவிக்குப் புது பெல்ட் போட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, யாருக்கும் தேவைப்படாத ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டை இருபுறமும் ஓட்டிப் பார்த்த பிறகே குடும்பப் பதிவைப் போட வேண்டும். இணையத்தில் விற்கும் மலிவான யு.எஸ்.பி. கேசட் பிளேயர்களை நான் பரிந்துரைப்பதில்லை; வேகம் சீராக இல்லாமல் அவற்றில் குரல் நடுங்குகிறது. ஹெட்டின் அருகிலுள்ள சிறு திருகை ஒவ்வொரு கேசட்டுக்கும் மிக மெல்லத் திருப்பி, 'ச', 'ஸ' ஒலிகள் தெளிவாகக் கேட்கும் நிலையில் நிறுத்துவது, எந்த மென்பொருளாலும் பின்னர் ஈடுசெய்ய முடியாத வேலை.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள் தமிழகத்தில் பல வீடுகளில் உண்டு. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த கருவியில் பதிவானவை என்றால், இப்போது ஓட்டும்போது குரல் போகப் போகக் கீச்சிடும். மின்சார முனகல் பதிவில் கலந்திருந்தால் அதுவே அளவுகோலாகும்: இந்தியாவிலும் வளைகுடா நாடுகள் பெரும்பாலானவற்றிலும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், அது 53 என்று காட்டினால் ஆறு விழுக்காடு வேகம் குறைக்க வேண்டும். உறையில் எழுதியிருப்பதை நம்பிப் பாதியில் நிறுத்தவும் கூடாது. பாட்டு முடிந்து, வெறும் இரைச்சல் ஓடி, கடைசி இரண்டு நிமிடத்தில் பாட்டியின் தாலாட்டு இருக்கக்கூடும்.

ஸ்பீக்கர் முன்னால் கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்வது போதாது. கருவியின் லைன் அவுட் என்னும் ஒலி வெளியீட்டுத் துளையிலிருந்து, ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாக எடுக்க வேண்டும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ ஒரு ஜிபி வரும். இரைச்சல் நீக்கமும் வேகத் திருத்தமும் நகலில் மட்டுமே செய்ய வேண்டும். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 போதும்.

யுனெஸ்கோ 2019-இல், ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கத்துடன் சேர்ந்து, காந்த நாடாக்கள் குறித்த எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியதற்கு, ஓட்டும் கருவிகளும் உதிரிபாகங்களும் அருகி வருவதே முக்கியக் காரணம். குடும்பங்களுக்கு இன்னொரு தட்டுப்பாடும் உண்டு: குரல்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள். பின்னால் சிரிப்பது எந்தச் சித்தி, அது யார் வீட்டு வளைகாப்பு என்பதை அவர்களிடம் கேட்டு, ஆண்டு, ஊர், பேசுபவர் என்ற வரிசையில் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுவது நல்லது. குறைந்தது மூன்று நகல்கள் இருக்கட்டும். அவற்றில் ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். மூலக் கேசட்டை எறிந்துவிடாமல், நாடாவை ஒரு முனைவரை முழுதும் சுற்றி, உறையிலிட்டு, காந்தமுள்ள ஸ்பீக்கருக்கு அருகில் இல்லாத அலமாரியில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். இதைவிடச் சிறந்த கருவி கிடைக்கும்போது மறுபடியும் எடுக்க வேண்டி வரலாம்.