பிள்ளையின் கால் திடீரென்று துவண்டால், மலப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்

15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கையோ காலோ திடீரென்று துவண்டுபோனால், காரணம் எதுவானாலும் சரி, மருத்துவமனை அதை உடனே மாவட்டச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளையின் மலத்தை இரண்டு முறை எடுத்து போலியோ வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1997 முதல் இந்தியாவில் உள்ள ஏற்பாடு இது. தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும், பரிசோதனைக்குக் காசு கிடையாது.

ஏட்டில் இவ்வளவுதான். நடப்பது வேறு.

"போலியோதான் ஒழிஞ்சாச்சே, இது ஜிபிஎஸ்ம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். ஜிபிஎஸ் என்றால் கில்லன்-பாரே சிண்ட்ரோம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய். அதுவாகவே இருக்கலாம், அடிக்கடி காணப்படும் காரணங்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் மலம் எடுத்தே ஆக வேண்டும், சோதித்துப் பார்த்துத்தானே போலியோ இல்லை என்று சொல்ல முடியும்! 2014-ல் நமக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது, 2024-ல் மேகாலயாவில் ஒரு குழந்தைக்குத் தடுப்பு மருந்து வழி வந்த போலியோ வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. சொட்டு மருந்து எல்லா தவணையும் போட்டாச்சு என்பதும் விட்டுவிடக் காரணம் ஆகாது. டாக்டரிடம் சுற்றி வளைக்காமல், "ஏஎஃப்பி கேஸ்னு ரிப்போர்ட் பண்ணீங்களா?" என்றே கேளுங்கள். கை கால் திடீரென்று துவண்டுபோவதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் ஏஎஃப்பி.

நிறைய பேர் கோட்டைவிடுவது தேதியில். கால் துவண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் இரண்டு மாதிரியும் எடுத்தாக வேண்டும், இரண்டுக்கும் நடுவே 24 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கணக்கு அட்மிஷன் தேதியிலிருந்து இல்லை. ஊர் டாக்டர், தாலுகா ஆஸ்பத்திரி, பெரியாஸ்பத்திரி என்று அலைவதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும், ஒவ்வொரு இடத்திலும் முன்னால் பார்த்தவர்கள் எடுத்திருப்பார்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள். அதனால் "கால் துவண்ட தேதி" என்று சீட்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், வேறு ஊருக்கு அனுப்பினால் மலம் எடுத்தார்களா என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். 14 நாள் தாண்டிவிட்டது, இனி வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், தாமதமானாலும் 60 நாள் வரை எடுக்கலாம்.

இந்தப் பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் வருவது சகஜம். "போனா சொல்லுங்க" என்று டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த ஷிப்ட் நர்ஸுக்கு விஷயமே தெரியாமல் போய்விடும், நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெரியவர் கட்டைவிரல் அளவு மலம் போதும். எடுத்த உடனே ஐஸ் வைத்த பெட்டிக்குப் போக வேண்டும். வார்டு ஜன்னலோரம் வெயிலில் கிடந்த மாதிரியை, போலியோ பரிசோதனை நடக்கும் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கே அனுப்பினாலும் பிரயோஜனம் இல்லை.

யாரும் அசையவில்லையா? 104-க்குப் போன் போடுங்கள், இல்லையென்றால் உங்கள் ஊர் கிராமச் செவிலியரிடம் சொல்லுங்கள். அவரே தகவல் கொடுக்கலாம், ஆஸ்பத்திரி அனுமதியெல்லாம் தேவையில்லை.

ஒன்றில் குழம்ப வேண்டாம்: மலப் பரிசோதனை சிகிச்சை இல்லை. ரிசல்ட் வரட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போட விடாதீர்கள், மூச்சுத் திணறினால் ஐசியூதான் முதலில். அப்புறம் பிள்ளையைப் பார்க்க வருகிற அதிகாரி தெருவில் மற்ற பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து போட ஏற்பாடு செய்யலாம், அக்கம்பக்கத்தில் பேச்சு வரும். அதற்குப் பயந்து மறைக்காதீர்கள்.

முகவரி கேட்கும்போது ரேஷன் கார்டில் உள்ளதை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். 60 நாள் கழித்து பலவீனம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வரலாம், செங்கல் சூளையில் வேலை செய்கிற குடும்பம் என்றால் அதற்குள் இடமே மாறியிருக்கும். அப்போது பிள்ளை எங்கே இருக்குமோ அந்த ஊரையும், எடுக்கக்கூடிய இரண்டு போன் நம்பரையும் எழுதிக் கொடுங்கள்.